சிவப்பு விளக்கு அணையும் வரை

விஜயநகரில் புதிதாகக் குடிவந்த வீட்டில், சமையல் மேடையிலேயே பதித்த மின்சார அடுப்பு. மேலே கறுப்புக் கண்ணாடி மட்டும்தான். பர்னர் கிடையாது, தீயும் கிடையாது.

இன்று முதல் முறையாக அதில் சாம்பார் வைத்தேன். கண்ணாடிக்குள் ஒரு வட்டம் மெல்ல மெல்லச் சிவந்தது. சாம்பாரை விட்டுவிட்டு அதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொதித்ததும் அணைத்து, பாத்திரத்தை இறக்கி வைத்தேன். வட்டம் மறுபடி கறுப்பாகிவிட்டது.

அணைத்த அடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். கை தானாகப் போனது.

"முட்டபேடி அக்கா!"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செல்வி, தொடாதீர்கள் என்று பதற்றத்தில் கன்னடத்தில் கத்திக்கொண்டே ஓடிவந்து, ஈரக்கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். ஹனூர்க்காரி; தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். இதே மாதிரி அடுப்புள்ள இன்னொரு வீட்டிலும் வேலை செய்கிறாள்.

"கறுப்பா இருக்குதுன்னு ஏமாந்துராதீங்கக்கா. இதப் பாருங்க."

ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது அணையற வரைக்கும் சாமி உள்ளதான் இருக்குதுங்க. கையும் வெக்கக்கூடாது, ஈரத்துணியும் போடக்கூடாது."

அவள் விரலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணாடியில் விழுந்தது. முத்தாகத் துள்ளி ஓடி, இருந்த இடம் தெரியாமல் போனது.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இருவரும் விளக்கையே பார்த்தபடி நின்றோம்.

அணைந்தபின் துடைத்தேன், தொட்டேன், ஒற்றிக்கொண்டேன். கண்ணில் இளஞ்சூடு ஏறியது.

இனி அடுப்பைக் கும்பிடவும் காத்து நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் தரிசனத்துக்கு எத்தனை நிமிடம்?