நூற்றுத் தொண்ணூறு வோல்ட் சதி

எஸ்டேட் நிர்வாகம் என் மைக் செட்டுக்கு எதிராகச் சதி செய்கிறது என்று போன ஞாயிறு மனசார நம்பினேன். சிரிக்காதீர்கள். மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் என் மிக்சருக்குப் பின்னால் நின்றிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்... சரி, நம்பியிருக்க மாட்டீர்கள். நீங்கள் யோசித்திருப்பீர்கள்.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மூணாறு வட்டாரத்தில் எங்கே சத்தம் வேண்டுமோ, அங்கே நான். போன வாரம் மாட்டுப்பட்டிப் பக்கம் ஓர் எஸ்டேட். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் மழைக்கு இடியக்கூடியவை எவை என்று பட்டியல் எடுக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். ஆட்கள் வர வசதியாக ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தார்கள். லயத்துக்கு ஒருவர் பேசலாம். பட்டியலில் ஏறினால் வேறு வீடு. ஏறாவிட்டால் அதே சுவர், அதே விரிசல், அடுத்த மழை.

மேல் டிவிஷன் லயத்துக்காகப் பேச வந்தவர் செல்வராணி அக்கா. கொழுந்து பறிப்பவர். அந்த லயத்தில் ஆறு வீடு. அவர் வீட்டுப் பின்சுவர் விரிசலில் மணிக்கட்டு வரை கையை நுழைக்கலாம். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தார்.

"தம்பி, எனக்குத் தொண்ட சின்னது. அங்கன ஒக்காந்திருக்க சாருக்குக் கேக்கணும். அம்புட்டுத்தான்."

"நீங்க மூச்சு விட்டாலே கேக்கும்க்கா," என்றேன். என்ன ஒரு திமிர்!

அதிகாரியின் மேஜையில் ஒரு மைக். பேசுகிறவர்களுக்கு ஸ்டாண்டில் ஒரு மைக். அறிவிப்புச் செய்ய என் கையில் ஒன்று.

அக்காவுக்கு முன்னால் மூன்று ஆண்கள் பேசினார்கள். இந்த மலையில் நின்று அடுத்த மலையில் இருப்பவனைக் கூப்பிட்டே பழகிய தொண்டைகள். அவர்களுக்கு மைக் வெறும் அலங்காரம். எல்லாம் கணீரென்று கேட்டது. நான் நிம்மதியாக டீ குடித்தேன்.

கடைசியாக அக்கா. உதடு அசைந்தது. ஸ்பீக்கரில்... ஒரு கொசு.

"ஒன்னும் கேள்க்குன்னில்லல்லோ," என்றார் அதிகாரி, தன் மைக்கில். எதுவுமே கேட்கவில்லையாம். அந்த மலையாளம் மட்டும் மைதானம் முழுக்கத் துல்லியமாகக் கேட்டது.

மொத்த வால்யூமை ஏற்றினேன். அதிகாரியின் மைக் கூவியது. அவர் காதைப் பொத்தினார். இறக்கினேன். மல்டிமீட்டரை எடுத்து பிளக்கில் குத்தினேன். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுத் தொண்ணூறு வோல்ட்!

அந்த மைதானத்தில் என்றைக்கும் நூற்றுத் தொண்ணூறுதான். ஆனால் பதறுகிறவன் கண்ணுக்கு எல்லாமே தடயம்.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. டிவி மங்கினாலும் மிக்சி முனகினாலும் ஒரே பதில் — "ஃபேக்டரில ரோலர் போட்டுட்டான்." கொழுந்தை நசுக்கும் அந்த மெஷின் ஓடினால் ஊரில் கரண்ட் இறங்கும் என்பது நாங்கள் தாய்ப்பாலோடு குடித்த விஞ்ஞானம். அதை அப்படியே எடுத்து மைக்கில் சொல்லிவிட்டேன்.

"வேணும்னே ரோலர ஓட்டுதாங்க. அக்கா பேசக் கூடாதுன்னு கரண்ட இறக்குதாங்க."

என் மைக் அருமையாக வேலை செய்தது.

பாதிக் கூட்டம் எழுந்து ஃபேக்டரியைப் பார்த்து ஓடியது. நான் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கப் போனேன். இழுக்கிறேன்... இழுக்கிறேன்... அந்தப் பக்கம் அக்கா செத்த மைக்கின் முன்னால் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அதிகாரி ஓடுகிற கூட்டத்தைப் பார்த்தார். கலவரம் என்று நினைத்திருப்பார். ஃபைலை மூடினார். ஜீப்பில் ஏறினார்.

அக்கா தாளை நீட்டியபடி ஜீப்புக்குப் பின்னால் ஓடினார். ஜீப் நிற்கவில்லை.

போன கூட்டம் ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் முருகையாவை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. லுங்கியோடு வந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோவ், இன்னைக்கு ஞாயித்துக்கிழம. கொழுந்தே எடுக்கல. ஃபேக்டரி பூட்டிக் கெடக்கு. ரோலர எவன்யா ஓட்டுதான், பேயா?"

"மீட்டர்ல நூத்தித்தொண்ணூறு காட்டுதே..."

"காட்டட்டும். வோல்டேஜ் போனா ஒரு மைக்குக்கு மட்டுமா போவும்? சாரு பேசுனது அந்த வளைவு வரைக்கும் கேட்டுச்சாமே."

அவர் மிக்சர் மேல் குனிந்தார்.

"ஆமா, இந்த பட்டன் மட்டும் ஏன் உள்ள அமுங்கிக் கெடக்கு?"

இருபது வருடத் தொழில். ஒரு மைக் கேட்காவிட்டால், கேட்கிற மைக்கை அந்த இடத்தில் வைத்துப் பார் — வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே அதுதான். அதிகாரியின் மைக்கை எடுத்து அக்கா கையில் கொடுத்திருந்தால் பத்து வினாடியில் முடிந்திருக்கும். எனக்கு ஏன் தோன்றவில்லை? பதற்றத்தில் இருப்பவன் கோளாறையா தேடுகிறான்? பழி போட ஓர் ஆளைத்தான் தேடுகிறான். நிர்வாகம் எத்தனையோ செய்திருக்கிறது. அதனால் இதையும் செய்திருக்கும் என்று நம்புவது எனக்கு மிகச் சுலபமாக இருந்தது. என் விரலைச் சந்தேகிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

வயரைச் சுருட்டும்போது அக்கா வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க அந்த கரண்டு பேச்ச பேசாம இருந்திருந்தா, சாரு மேசகிட்ட போயி நானே சொல்லிருப்பேன் தம்பி."

வியாழக்கிழமை பட்டியலை ஒட்டினார்கள். உரக்கப் பேசிய மூவரின் லயங்களும் இருந்தன. மேல் டிவிஷன் லயம் இல்லை.

நடந்தது இவ்வளவுதான்: சனிக்கிழமை கோயிலில் செண்டைமேளத்துக்கு அந்த ஸ்டாண்டு மைக்கை வைத்தபோது, அடி தாங்காமல் சத்தம் உடையக் கூடாதென்று, உள்ளே வரும் ஒலியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் அந்தப் பட்டனை நான் அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துவிட மறந்துவிட்டேன்.