கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர்?

ஜவுளிக்கடைக்காரர் துணியை அளப்பார், பால்காரர் பாலை அளப்பார். திருப்பூரில் பல்லடம் ரோட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேலாக நான் அளப்பது கண்ணீரை. சிரிக்காதீங்க, நிஜம். ஸ்கேல் மாதிரி கோடு போட்ட சின்னப் பேப்பர் துண்டு ஒன்று. அதன் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் மாட்டி, கண்ணை மூடி அஞ்சு நிமிஷம் உட்கார வைப்போம். பத்து மில்லிமீட்டரைத் தாண்டி ஈரம் இறங்கினால் நல்லது. அஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டால் கண் வறண்டு கிடக்கிறது என்று அர்த்தம்.

கண் எரிகிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, சாயங்காலமானால் எழுத்து மங்குகிறது என்று இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது சொல்வீர்கள். வாங்க, நீங்களும் நம்ம கட்சிதான். மேல் இமைக்குள் ஓரமாகப் பாதாம் பருப்பு அளவில் கண்ணீர் சுரக்கிற ஒரு சுரப்பி இருக்கிறது. வயசாக ஆக அது சுணங்கும். அழற்சி, அதாவது வெளியே தெரியாத உள்வீக்கம், அதில் சேர்ந்துகொண்டால் சுரப்பது இன்னும் குறையும். கண் காயக் காய அழற்சி கூடும். அழற்சி கூடக் கூடக் கண் காயும். நாற்பது தாண்டிய பெண்களுக்கு இந்தத் தொந்தரவு கூடுதல். இவ்வளவுதான் சங்கதி. இதைத் திருப்பூர்க்காரர்களுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். எல்லாம் ரெண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரே பனியன் ஏற்றுமதியில் ஷிப்மென்ட் ஷிப்மென்ட் என்று ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் நடந்தவை.

வழிகிற கண்

மூலனூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பனியன் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளி. அறுபது வயசிருக்கும். உள்ளே நுழையும்போதே கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டுதான் வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, உங்களுக்குக் கண்ணீர் பத்தவில்லை என்றதும் மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைத்தான் முறைத்தார். நான் என்ன பண்ணினேன்?

அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி விழியை நனைக்க வேண்டிய தண்ணீர் குறைந்துபோனதால் கண் உறுத்துகிறது, அந்த உறுத்தல் தாங்காமல் திடீரென்று ஒரே பாய்ச்சலாகக் கொட்டுகிறது, கொட்டியது கண்ணில் நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடுகிறது என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். “ஏனுங்க அம்மணி, கெணத்துல தண்ணி இல்லீங்கறீங்க, வாய்க்கா மட்டும் நெறஞ்சு ஓடுதுங்களே, இத நா ஊட்டுல போயி எப்படிங்க சொல்றது?”

சாயப்பட்டறை மாஸ்டர்

இவர் சாயத்தொட்டித் தண்ணீரில் பேப்பரை முக்கி, அது எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று பார்த்தே காலந்தள்ளுகிறவர். பேப்பரை மாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு கண்ணிலிருந்தும் உருவி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சுள்ளென்று வந்தது. மறுபடி புதுசு மாட்டி, இந்தத் தடவை பக்கத்திலேயே காவலுக்கு நின்றேன். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “கலரே மாறாத பேப்பர வெச்சுக்கிட்டு நீங்க என்ன டெஸ்ட்டுங்க பண்றீங்க?”

மூணு மாசம்

ஏசி ரூமில் நாள் பூராவும் கம்ப்யூட்டரைப் பார்க்கிற மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தி. வெளிநாட்டு பையரோடு, அதாவது துணி வாங்குகிறவரோடு, பேசி ஆர்டரை முடித்துக் கப்பலேற்றுகிற வேலை; தேதி தப்பினால் விமானத்தில் அனுப்ப வேண்டியதுதான். அவள் சுரப்பியில் அழற்சி இருந்தது. அதைத் தணிக்கிற சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்து, பலன் தெரிய மூணு மாசம் ஆகும், நடுவில் நிறுத்தாதே கண்ணு என்றேன். கைப்பையிலிருந்து டைரியை எடுத்துத் தேதி போட்டுப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. “வெள்ளக்காரனே எனக்கு நாப்பத்தஞ்சு நாள்தாங்க தர்றான், இத ஏர்ல அனுப்ப முடியாதுங்களா?”

அருள்புரம் கேம்ப்

அருள்புரத்தில் ஒரு கம்பெனிக்கு வெளிநாட்டு பையர் ஆடிட் வந்தது. தொழிலாளர்களுக்கு மருத்துவ முகாம் நடத்தியதாகக் காட்ட வேண்டும். அந்த வருஷமும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். செக்கிங் செக்‌ஷன் பெண்கள் வரிசையாக வந்தார்கள். தைத்து வந்த துணியைப் பார்வையாலேயே சலித்து ஓட்டை, கறை கண்டுபிடிக்கிறவர்கள். அதில் செல்வமேரி என்று ஒருத்தி. திருச்செந்தூர்ப் பக்கம், நாற்பத்தெட்டு வயசு, செக்கிங் மேஜையில் பதினாலு வருஷம். கண் ரெண்டும் பழுத்த மிளகாய். பேப்பரோ முப்பதைத் தொடுகிறது. எடுத்து மூக்கருகே கொண்டு போனேன். தலைவலித் தைல வாசனை.

விரலில் தைலத்தைத் தொட்டு இமையோரம் தடவிக்கொண்டு வந்திருக்கிறாள். இது என்ன பரீட்சையா, பாஸ் பண்ணி என்ன சாதிக்கப் போகிறாய் என்று பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவள்தான் சொன்னாள்: போன வருஷக் கேம்ப்பில் பேப்பர் நனையாத ஒரு அக்காவைச் செக்கிங்கிலிருந்து தூக்கி, நூல் பிசிறு வெட்டுகிற ஹெல்பர் வேலையில் போட்டுவிட்டார்களாம். அந்த லிஸ்ட்டை எழுதிக் கொடுத்தது யார்? நான்தான். பேர், வயசு, டோக்கன் நம்பர் எல்லாம் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அந்த இடத்தில் எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி மாளாது.

முகத்தைக் கழுவிக்கொண்டு சாயங்காலம் டீ நேரத்தில் வரச் சொல்லி மறுபடி மாட்டினேன். மூணு. ஹெல்பர் ஆனால் சம்பளம் இறங்கும். மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருக்கிறாள். செல்வமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “அந்த மொதப் பேப்பரையே வச்சுக்கிடுங்க மேடம். அதுவும் எங் கண்ணுல உள்ள தண்ணிதான.”

அந்த நேரம் பார்த்து எச்.ஆர். மேனேஜர் லிஸ்ட்டுக்கு வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், கண்ணைக் கசக்கிக்கொண்டே பேசினார். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, உங்க கண்ணும் செவந்திருக்குதே சார், ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க என்றேன். அத்தனை பெண்கள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பேப்பர் ரெண்டில் நின்றது. சிரிப்பும் நின்றது. என்னை ஓரமாகக் கூட்டிப்போய், இது முதலாளிக்குத் தெரிய வேண்டியதில்லை அல்லவா என்று கேட்டார். அதையேதான் இந்தப் பெண்களும் கேட்கிறாங்க சார் என்றேன்.

அந்த வருஷம் லிஸ்ட்டில் பேர் போகவில்லை, வறட்சி இத்தனை பேருக்கு என்ற எண்ணிக்கை மட்டும் போனது. செக்கிங் மேஜையில் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டிருந்த ஃபேன்களைத் திருப்பி வைத்தார்கள். டீ நேரத்தில் சொட்டு மருந்து போட்டுக்கொள்ள அஞ்சு நிமிஷம் கூடக் கொடுத்தார்கள். போன வருஷத்து அக்காவையும் மேஜைக்குத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். அந்த அக்கா அதற்குள் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டாராம். அது இன்னமும் எனக்கு உறுத்தல்தான்.

மூணு மாசம் விடாமல் மருந்து போட்டுவிட்டு செல்வமேரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பேப்பர் எட்டு காட்டியது. எனக்கு ஏக சந்தோஷம். அவள் முகத்தில் மட்டும் ஏதோ யோசனை. என்னவென்று கேட்டேன். “இப்ப நல்லாத் தெரியுது மேடம். தெரியத் தெரியத்தான் பயமா இருக்கு, போன வருசம் எத்தன ஓட்டத் துணிய நல்ல பீஸுன்னு கப்பலேத்தி விட்டனோ.”

எனக்கு இப்போது ஐம்பத்தைந்து. போன வாரம் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எனக்கு நானே பேப்பர் மாட்டிக்கொண்டதில் நாலு வந்தது, அதை எங்கள் டாக்டரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.