உலர்சாலையில் மெலானியாவின் முறை

சணல் விரிப்பின் நாலு முனையையும் இழுத்துச் சேர்த்து, முழங்காலை மூட்டையின் மேல் ஊன்றி, மெலானியா முடிச்சுப் போட்டாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. அந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம்; குளிரில் அவை அப்படித்தான். வெட்டுக்காரர்கள் யெர்பாக் கிளைகளை முறித்து விரிப்பில் போடப் போட, அவள் கட்டிக்கொண்டே போனாள்.

"இவ்வளவு இறுக்கிக் கட்டுறீங்களேம்மா, உள்ள இருக்கிற இலைக்கு மூச்சு முட்டாதா?" என்றான் எலிஹியோ. வெட்டுக்காரர்களில் வாய் அதிகம் உள்ளவன்.

"நாளைக்கு நெருப்புக்குள்ள போற இலைக்கு மூச்சு எதுக்குடா? பேச்சைக் குறை, கிளையை முறி."

தேயிலை மாதிரி, மாத்தே என்ற பானம் போடுகிற யெர்பா இலை காத்திருக்காது. வெட்டின ஒரு நாளைக்குள் உலர்சாலைத் தீயில் வாட்டிவிட வேண்டும். தவறினால் மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கறுத்துப்போகும். அதனால் கூட்டுறவில் யாரும் நினைத்த நாளில் வெட்ட முடியாது. உலர்சாலையில் முறை கிடைத்தால்தான் கத்தியைத் தொடலாம். மெலானியாவின் முறை வியாழக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை வெட்டினாள். அந்தச் சின்னத் தோட்டத்து ஒரு வெட்டுதான் அவளுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

அந்த உலர்சாலை அவர்களுடையது. உக்ரைனிலிருந்து கப்பலேறிக் கடல் தாண்டி மிசியோனெஸ் மாகாணத்துக்கு வந்த தாத்தாக்கள், செம்மண்ணில் காட்டை அழித்து யெர்பா நட்டு, பெரிய பண்ணைக்காரர்களின் உலர்சாலை வாசலில் நின்று நின்று அவமானப்பட்டு, கடைசியில் தாங்களே செங்கல் சுமந்து கட்டியது. அங்கே வாட்டி, முதிரவைத்து, இடித்த இலைதான் 'ஒர்கேத்தா' என்று பொட்டலத்தில் போகும். தோட்டம் பெரிதோ சிறிதோ, வீட்டுக்கு ஒரு ஓட்டு. ஒரு விதியில் மட்டும் தயவு கிடையாது. வெளியாள் இலை உள்ளே வரக் கூடாது. எந்த அங்கத்தினர் பேரில் வந்ததோ அவர் அன்றைக்கே வெளியே. காரணம் கேட்பதெல்லாம் பிறகு, சபை கூடும்போது.

மெலானியா கொஸ்தியுக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வராமல் இல்லை; வந்த சமயத்தில் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள். இரவும் பகலுமாக அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டினாள். அம்மா சாகும்போது முதுகில் ஒரு புண் இல்லை. அவளைப் பற்றி யாராவது கேட்டால் இதைச் சொன்னால் போதும்.

கடைசித் தம்பி லாசரோவையும் அவள்தான் வளர்த்தாள். இழுப்பு வரும் பிள்ளை. நெஞ்சில் சூடு ஒத்தி, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டு விடியும்வரை இருப்பாள். வளர்ந்தான், நெலிதாவைக் கட்டினான், கூட்டுறவில் உலர்சாலை முறை போடும் வேலைக்குப் போட்டியிட்டான். மெலானியா வீடு வீடாகப் போய் அவனுக்காக ஓட்டுக் கேட்டாள். "என் கையில வளந்த பையன். உங்க இலை ஒரு மணி நேரம் வாசல்ல கிடக்காது," என்று வாக்குக் கொடுத்தாள். ஜனங்கள் அவள் முகத்துக்காக ஓட்டுப் போட்டார்கள்.

வியாழன் காலை டிராக்டரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உலர்சாலைக்குப் போனாள். வாசலில் நெருப்புக்காரன் செலெஸ்தினோ நின்றான். இலை வாட்டும் உருளைக்குத் தீ போடுகிறவன். புருவம் பாதி எரிந்துபோன முகம்.

"என்னக்கா, மறுபடியுமா?"

"என்ன மறுபடியும்?"

"உங்க முறைதான் செவ்வாய்க்கிழமையே முடிஞ்சுதே. ரெண்டு லாரி. 'அடேயப்பா, கிழவி எங்க இவ்வளவு இலையை ஒளிச்சு வெச்சிருந்தா'ன்னு பசங்ககிட்டகூடச் சொன்னேன்."

"என் தோட்டத்தை அடியோட பிடுங்கிப் போட்டாலும் ரெண்டு லாரி வராது, செலெஸ்தினோ."

அவன் சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். "லாசரோதான் கூட நின்னு எடை போட்டான். 'அக்கா இலை'ன்னான். நான் வேற என்ன கேக்க?"

"லாரி யாருது?"

செலெஸ்தினோ குரலைத் தாழ்த்தினான். "கதவுல கிரோஸ் பண்ணை முத்திரை இருந்துச்சு. அதை அழுக்குத் துணி போட்டு மூடியிருந்தாங்க. காத்துல துணி பறந்தப்ப பாத்தேன். நீங்க லாரியைக் கடன் வாங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

ஆற்றோரமாகக் கண்ணுக்கு எட்டின மட்டும் யெர்பா வைத்திருந்தவர் கிரோஸ். அவருடைய அப்பாவின் வாசலில்தான் தாத்தாக்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. மெலானியா டிராக்டரில் கிடந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு என்னை உள்ள விடுவியா?"

"முறை இல்லாம எப்படிக்கா? சனிக்கிழமை வரைக்கும் ஆள் இருக்கு. அதுக்குள்ள உங்க இலை..."

டிராக்டரைத் திருப்பி வீட்டில் நிறுத்திவிட்டு, மாவைப் பிசைந்து எண்ணெயில் கிளறின ரெவீரோ ஒரு கிண்ணம், காப்பியோடு சாப்பிட்டாள். வெறும் வயிற்றோடு சண்டைக்குப் போகிறவள் இல்லை. பிறகு தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

லாசரோ முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தான். அங்கே ஊற்றுகிறவர் ஒருவர்தான். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், அது சுற்றி வரும். நெலிதா பக்கத்தில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். பின்னால் புதிதாக ஒரு பிக்கப் நின்றது. புதிது என்றால் அவர்களுக்குப் புதிது.

"வாக்கா, உக்காரு," என்றான். குடுவையை நிரப்பி நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை நான் ரெண்டு லாரி இலை கொண்டுவந்தேனாமே."

நெலிதாவின் கத்தி நின்றது. லாசரோ கெட்டிலைக் கீழே வைத்தான். மறுப்பான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

"அக்கா, கிரோஸோட உலர்சாலை எரிஞ்சுபோச்சு. இலை அவர் வாசல்ல கெட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒரே ஒரு தரம்தான். நீ எப்பவும் கடைசியிலதானே வெட்டுவ, உன் முறையைச் செவ்வாய்க்கு மாத்தி அவருக்குக் குடுத்துட்டு, உன்னை அப்புறமா எங்கயாவது சொருகிடலாம்னு நெனச்சேன். இடம் கெடைக்கல."

"சொருக இடம் இல்லேன்னு தெரிஞ்சும் புதன்கிழமை என் வீட்டு வழியாத்தானே போன? வெட்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஏன்னு கேட்டிருப்ப."

"அந்த வண்டி அவர் குடுத்ததா?"

"ஓட்டிக்கச் சொன்னார். அவ்வளவுதான்."

"அறுபது வீடு இருக்குடா கூட்டுறவுல. யார் பேரும் கெடைக்கலியா உனக்கு?"

லாசரோ அவளைப் பார்த்தான். சொன்னபோது குரலில் கெட்ட எண்ணம்கூட இல்லை; ரொம்ப இயல்பாகச் சொன்னான். "மத்தவங்க சத்தம் போடுவாங்கக்கா. நீ போட மாட்டே. எனக்கு ஒண்ணு ஆக நீ விட மாட்டேன்னு தெரியும்ல."

நெலிதா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "யாராவது கேட்டா உங்க இலைதான்னு சொல்லிடுங்க, அண்ணி. இந்த வருஷம் செடி நல்லாத் தழைச்சுதுன்னு சொன்னா போச்சு. அடுத்த வருஷம் இவர் உங்களுக்கு ரெண்டு முறை போட்டுக் குடுப்பார்."

மெலானியா மாத்தேயைக் கடைசிவரை உறிஞ்சினாள். குழல் கரகரவென்று சத்தமிட்டது. குடுவையைத் தம்பி கையில் கொடுத்து, "நன்றி," என்றாள்.

அந்த ஊரில் மாத்தே குடிக்கிறவர் நன்றி சொன்னால் போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள். சொந்தக்காரர் வீட்டில் மூன்று நாலு சுற்று போகாமல் யாரும் அதைச் சொல்வதில்லை. ஒரே சுற்றோடு சொல்கிறவர் அந்த வீட்டுக்கு இனி வர விரும்பாதவர்.

"ஒண்ணோடயா?" என்றான் லாசரோ.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். பின்னால் அவன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது: "கோவம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும். அவளை எனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் செலெஸ்தினோ எலிஹியோவிடம் சொல்லியனுப்பியிருந்தான்: விடிவதற்குள் கொண்டுவந்தால் யாருக்கும் தெரியாமல் நடுவில் உள்ளே தள்ளிவிடுகிறேன். நல்ல மனுஷன். அவளும் ராத்திரி படுக்கும்போது போகலாம் என்றுதான் நினைத்தாள். பொய் சொல்லத் தேவையில்லை, இலையும் பிழைக்கும், தம்பியும் பிழைப்பான். அம்மா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் கருக்கலிலேயே எழுந்து ஒரு மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டாள். காய்ச்சல்காரன் அக்குள் மாதிரிச் சுட்டது. வெளியே எடுத்த இலை கறுத்துப் பிசுபிசுத்தது, புளித்த வாடை. இதை உள்ளே தள்ளினால் அதோடு வாட்டுகிற ஈடு முழுக்கக் கெடும். அப்புறம் எந்த ஊரிலோ ஒருத்தி ஒர்கேத்தாவைக் குடித்துத் துப்புவாள். எலிஹியோவைக் கூப்பிட்டு எல்லா மூட்டையையும் அவிழ்க்கச் சொன்னாள்.

"அம்மா, ஒரு வருஷ உழைப்பு..."

"எனக்குத் தெரியாதா? செடி அடியில பரப்பு. உரமாவது ஆகட்டும்."

கை கழுவிக்கொண்டு காலி டிராக்டரில் உலர்சாலைக்குப் போனாள். முறைக்குக் காத்திருந்த அங்கத்தினர்கள் லாரிகளுக்கு நடுவே தீ மூட்டி மாத்தே சுற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரிலும் மூத்தவரான ஒனுஃப்ரி பல்லில்லாத வாயோடு கூவினார்: "வாம்மா ரெண்டு லாரிக்காரி! எங்களுக்கும் அந்த உரத்தைக் குடு!"

நாலு பேர் சிரித்தார்கள். லாசரோ எடைமேடையில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் கையை லேசாக ஆட்டினான். கோபம் ஆறி வந்துவிட்டாள் என்கிற மாதிரி.

"செவ்வாய்க்கிழமை என் பேர்ல வந்த இலை என்னுது இல்ல," என்றாள் மெலானியா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கிரோஸோடது. உள்ள விட்டது என் தம்பி. எனக்கு நேத்துதான் தெரியும். அந்த இலையைத் தனியா எடுத்து வைங்க, மத்ததோட கலக்காதீங்க."

குடுவை யார் கையிலோ அப்படியே நின்றது.

"அக்கா!" லாசரோ மேடையிலிருந்து குதித்தான். "என்ன பேசுறே? இவளுக்கு வயசாயிடுச்சு, என்ன பேசுறோம்னு..."

"லாரிக் கதவுல துணி பறந்தப்ப கிரோஸ் முத்திரையை நான் பாத்தேன்," என்றான் செலெஸ்தினோ வாசலிலிருந்து.

ஒனுஃப்ரி எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். "மெலானியா, விதி உனக்குத் தெரியும். உன் பேர்ல வந்திருக்கு. சபை கூடுறவரைக்கும் நீயும் வெளியதான் நிக்கணும்."

"தெரிஞ்சுதான் வந்தேன். உங்ககிட்டெல்லாம் இவனுக்கு ஓட்டுக் கேட்டதும் நான்தான். அதையும் சபையில பேசிக்குங்க."

யாரும் சொல்வதற்கு முன் அவளே நடந்து வாசலுக்கு வெளியே போனாள். லாசரோவிடம் வெளியே போ என்று ஒனுஃப்ரி இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. உலர்சாலைச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தபோது அவனுக்கு மூச்சு இரைத்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பெரிய இழுப்பு இல்லை, உட்கார்ந்தால் அடங்கிவிடும்.

"அக்கா, இப்ப நான் என்ன பண்றது?"

பிறந்ததிலிருந்து அவன் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இதுவரை ஒரு தரமும் அவள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

"எனக்குத் தெரியாது," என்றாள். டிராக்டரில் ஏறி எஞ்சினைக் கிளப்பி, அவன் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு ஓட்டிப் போனாள்.