இரண்டு அங்குல உயரம்

தினமும் அடையாறு ஆபீஸுக்குப் போகிற ஜீப்புக்கு மெத்தென்ற ஸ்பிரிங்கே போதும் என்றாள் மனைவி. நானோ வேளச்சேரி மழையை நினைத்து, வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் சஸ்பென்ஷனைப் போட்டேன்.

அடுத்த வெள்ளத்தில் அக்கம்பக்கத்துக் கார்களெல்லாம் மேம்பாலத்தில் ஏறி நிற்க, நான் மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன். ஒரே பெருமை.

குறுக்குத் தெருவில் ஒரு பெண் கையை நீட்டி மறித்தார். உதவி கேட்கிறார் என்று கண்ணாடியை இறக்கினேன்.

"நீ வர்ற வேகத்துல அலை அடிச்சு ஊட்டுக்குள்ள பூந்துகினு கீது சார். கொயந்த படுத்திருந்த பாய் நனைஞ்சிடுச்சு."

வாசலில் அடுக்கிய மணல் மூட்டைகளைத் தாண்டி, என் டயர் எழுப்பிய தண்ணீர் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இனி அலை எழக்கூடாதென்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளினேன். அசையாத வண்டி சட்டென்று நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால், பின்னால் அவரும் தள்ளிக்கொண்டிருந்தார்.

இப்போதும் அதே வண்டிதான். தெருவில் தண்ணீரைக் கண்டால் மட்டும் ஆக்ஸிலரேட்டரில் கால் அழுந்துவதில்லை.