ரெக்கார்டு போட்டவர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட் கிளப்பில் சங்கீத விழா. எனக்கும் அழைப்பு வந்திருந்தது. நல்ல தடித்த அட்டை, தங்க நிற ஓரம்.

அந்த எஸ்டேட் மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தேயிலை விலை விழுந்தது, முதலாளி கையை உதறிவிட்டார். கிள்ள ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாகி நிற்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள் பாதிப் பேர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். கிளப் மட்டும் திறந்திருக்கிறது. எப்படி என்று கேட்காதீர்கள். கிளப்புகள் அப்படித்தான்.

விழா யாருக்கு? விக்டோரியா ராணி காலத்து இங்கிலீஷ்காரர் ஒருவருக்கு. சிரிப்பு நாடகங்களுக்கு இசை போட்டவர். பெயர் சொன்னால் உங்களில் பத்துப் பேருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அவருடைய முழு நாடகம் ஒன்று அந்தக் கிளப்பில் இருக்கிறது... பதினோரு கறுப்பு இசைத்தட்டுகளாக. வெள்ளைக்கார துரைகள் விட்டுப்போனது. அதைப் போட்டுக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. எஸ்டேட்டை ரிசார்ட்டாக மாற்றப்போகிறவர்கள் வந்திருந்தார்கள். தட்டுகளும் விலைக்குத்தான்.

கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். இசையமைப்பாளரின் அப்பா பட்டாளத்து பேண்டுக்காரர். மகனுக்கு பெரிய சங்கீதம் எழுதிப் பேர் வாங்க ஆசை. எழுதவும் செய்தார். ஆனால் ஊர் கேட்டது சிரிப்புப் பாட்டு. சிறுநீரகக் கல்லால் துடித்துக்கொண்டே, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற பாட்டை எழுதினாராம். ஒலியைப் பதிவு செய்யும் மெஷின் புதிதாக வந்தபோது அதைக் கேட்டு அசந்துபோனாராம், மட்டமான பாட்டும் இனி அழியாமல் நிற்குமே என்று பயந்தும் போனாராம். அவருடைய டைரியெல்லாம் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. எந்த நாள் யாரோடு சாப்பிட்டார், எந்த இரவு சீட்டாட்டத்தில் தோற்றார்... எல்லாம்.

ஒரு மனிதரின் வாழ்க்கையை இப்படிப் பாதுகாப்பது நல்ல விஷயம்தானே? நானும் கை தட்டினேன்.

பிறகு ரெக்கார்டு போட்டார்கள். போட்டவர் கிளப் செகரட்டரி. ரிட்டயர்டு ஆசாமி, அன்பானவர், வாய் நிறைய ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர். முதல் தட்டு ஓடி முடிந்தது. திருப்பிப் போட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். பின்கதவுப் பக்கமிருந்து மட்டும் ‘ச்’ என்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். மங்கிப்போன காக்கி ஸ்வெட்டரில் ஒரு வயதானவர் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். என்ன தப்பு என்று போய்க் கேட்டேன்.

“மொத பக்கத்துக்குப் பொறகு கடேசிப் பக்கத்தப் போட்டுட்டாங்கய்யா. இன்னும் பொண்ணே பாக்கல, அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிருச்சு.”

விஷயம் இதுதான். அந்தத் தட்டுகள், அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானாக மாற்றிக்கொள்கிற பழைய மெஷினுக்காகச் செய்தவை; ஒரு பக்கமெல்லாம் ஓடிய பிறகு அடுக்கையே திருப்பி வைப்பார்கள். கிளப்பில் எப்போதும் இருந்தது கையால் மாற்றுகிற மெஷின்தான். மொத்தம் இருபத்திரண்டு பக்கம். முதல் பக்கத்தின் முதுகில் இரண்டாவது இருக்காது, இருபத்திரண்டாவது இருக்கும். ஒவ்வொன்றும் அப்படியே. லேபிளில் அச்சு மங்கிவிட்டது. வரிசை தெரிந்த ஆள் ஒருவர்தான். அவர் பின்கதவில் நிற்கிறார்.

பெயர் செல்லையா. இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கை எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்தவர். இங்கே கொழுந்து எடுக்க வந்தவரை அப்போதைய மானேஜர், கை சுத்தமாக இருக்கிறது என்று கிளப்புக்கு அனுப்பினார். இருபத்தாறு வருஷம். காலையில் தரை துடைப்பார், மாலையில் ரெக்கார்டு போடுவார். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த நாடகத்தின் கதை முழுக்கத் தெரியும் என்றார். அவரே கட்டிக்கொண்ட கதை.

“அஞ்சாம் பக்கத்துல கங்காணி வருவாரு. மூச்சு விடாம ஏசுவாரு. எங்க தலவாக்கல கங்காணி மாரியே. பதினஞ்சுல பெரட்டு, எல்லாரு பேரையும் கூப்புடுவாங்க. அதுக்கப்புறம் ஒரு பொம்பள அழுகும். எதுக்குன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல.”

உள்ளே போய்ச் சரியாகப் போட்டுக் கொடுக்கலாமே என்றேன். அவர் சிரித்தார். உள்ளே வரக் கூடாது என்று உத்தரவாம். காரணத்தைக் கிளப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தகரக் கூரை போட்ட ஒரே அறை. அவரும் மனைவி பாக்கியமும் அதில்தான் குடியிருக்கிறார்கள். ரிசார்ட்டுக்கு அந்த இடம் வேண்டும். எஸ்டேட் தொழிலாளி என்றால் மாற்று இடம் கொடுக்காமல் வெளியேற்ற முடியாது. இல்லையென்றால் அவர் ஆக்கிரமிப்பாளர். எஸ்டேட் கம்பெனி சொல்கிறது: அவர் கிளப் ஆள். கிளப் சொல்கிறது: அவர் எஸ்டேட் ஆள். சம்பளம் வந்தது, கைக்குக் கை. பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை.

வரும் வியாழக்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. மனு கொடுக்கப் போனபோதே அதிகாரி கேட்டது ஒன்றுதானாம். வேலை பார்த்ததற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

இருந்தது.

ரெக்கார்டு ஊசியைக் கணக்காக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தட்டு கீறிப்போகும். அதனால் மானேஜர் ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தார். ஊசி மாற்றும்போதெல்லாம் அப்போது ஓடுகிற தட்டின் உறையில் செல்லையா பென்சிலால் தேதி எழுத வேண்டும், ‘ஊசி மாத்தியாச்சு’ என்று எழுதி ‘செ’ போட வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை மானேஜர் பக்கத்தில் கையெழுத்திடுவார். மானேஜர்கள் மாறினார்கள், பழக்கம் மாறவில்லை. பதினோரு உறை, முன்னும் பின்னும், இருபத்தாறு வருஷத் தேதிகள். இதைவிட என்ன சான்று வேண்டும்?

விழாவுக்குப் பத்து நாளைக்கு முன் செல்லையா செகரட்டரியிடம் போய் அந்த உறைகளைக் கேட்டிருக்கிறார். விழா முடியட்டும் என்று பதில்.

நான் ஹாலுக்குத் திரும்பிப் போனேன். மேஜையில் தட்டுகள். எல்லாம் பளிச்சென்று புது வெள்ளை உறையில். பழைய உறைகள் எங்கே என்று செகரட்டரியிடம் கேட்டேன்.

“ஏனுங்க சார், அதையெல்லாம் வெச்சுட்டு எப்படிங்க வெலைக்குக் காட்டறது? பூஞ்சை புடிச்சு, தமிழ்ல என்னென்னமோ கிறுக்கி வெச்சு... புதன்கிழமை வேலி வெட்டுன குப்பையோட சேத்துப் பத்த வெச்சாச்சுங்க.”

செல்லையா கேட்டிருந்தாரே?

“கேட்டாருங்க. பழைய அட்டை எதுக்குன்னு நெனச்சேன்.”

சரி, அவர் இங்கே வேலை பார்த்தார் என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுங்களேன் என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

“எழுதிக் குடுத்தா கிளப்பு பொறுப்பாயிருமுங்களே. நீங்க டீ சாப்புடுங்க.”

வேண்டுமென்றே எரித்தாரா? எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதாதே என்று சொல்லித்தான் என்னைப் பத்திரிகையில் வளர்த்தார்கள். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். செல்லையா கேட்டார். பிறகு உறைகள் எரிந்தன. இந்த வரிசையில்.

நூறு வருஷத்துக்கு முன் லண்டனில் ஒருவர் சீட்டாடித் தோற்றதற்கு ஆதாரம் இருக்கிறது. பந்தலூரில் ஒருவர் இருபத்தாறு வருஷம் நின்று வேலை பார்த்ததற்கு இல்லை. இந்தச் சமூகம், இந்த நிர்வாகம், இந்த மேட்டுக்குடி... என்று நான்கு பத்தி எழுதியிருப்பேன். மனதுக்குள் அந்தப் பத்திகளை எழுதிக்கொண்டேதான் தகரக் கூரைக்குத் திரும்பினேன். அங்கே செல்லையா ஒரு வார்த்தை சொன்னார்.

“ஐயா முன்னாடியே இங்க வந்துருக்கீங்கள்ல? பூ கண்காட்சிக்கு. நல்ல மழ. கொடய விட்டுட்டுப் போயி, பஸ்ஸுலருந்து எறங்கித் திரும்பி வந்தீங்க.”

வந்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் இருக்கும், நிருபராகச் சேர்ந்த புதிது. ஹாலில் தொங்கிய பச்சைத் திரை நினைவிருக்கிறது. முதல் பரிசு வாங்கிய டாலியா நினைவிருக்கிறது. குடையும் நினைவிருக்கிறது. அதை நீட்டியவர் முகம் நினைவில் இல்லை.

பாக்கியம் கட்டிலில் உட்கார்ந்து கால்முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். விழா நாட்களில் கிளப் சமையல் அவர்தான். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “இவரு பாட்டுப் போட்டாரு, தேதி எழுதுனாரு. நான் பாத்திரம் கழுவுனேன். எனக்கு எரிக்கிறதுக்குக்கூட ஒரு அட்ட இல்ல.”

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பழைய ஃபைலை எடுத்தேன். அந்தச் செய்தியை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன், என் பெயர் போட்டு வந்த முதல் கட்டுரை என்கிற பெருமையில். நடுவர்கள் பெயர் இருக்கிறது. கலெக்டர் மனைவியின் சேலை நிறம் இருக்கிறது. கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: ‘காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை அரங்கில் மேலை இசை தவழ்ந்தது.’

தவழ்ந்ததாம். ஒரு பக்கம் ஓடுவது நான்கு நிமிஷம். யாராவது ஒருவர் கை வைக்காமல் ஏழு மணி நேரம் அது எப்படித் தவழும்? கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் அந்த அறையில் நின்றேன், குறிப்பெடுத்தேன், செல்லையாவைத் தவிர எல்லோரையும் பார்த்தேன். செகரட்டரி விழாவுக்கு முந்தின புதன்கிழமை நெருப்பு வைத்தார். நான் பதினெட்டு வருஷத்துக்கு முன்பே எழுதாமல் விட்டேன். அவர் மேல் இருந்த கோபத்தில் பாதியை என் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆனால் பத்திரிகைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. தப்பு வந்தால் திருத்தம் போடலாம். வழக்கமாக ஒரு மூலையில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் போடுவோம். இந்த வாரம், நான் வாராவாரம் எழுதுகிற இந்தப் பத்தியிலேயே போடுகிறேன். ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு காற்புள்ளிகூட மாற்றவில்லை.

திருத்தம்: பந்தலூர் அருகே எஸ்டேட் கிளப்பில் நடந்த மலர்க் கண்காட்சி குறித்து நான் எழுதிய செய்தியில் ‘இசை தவழ்ந்தது’ என்று வந்திருந்தது. தவறு. அன்று காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை இசைத்தட்டுகளை நின்றுகொண்டே போட்டவர் செல்லையா. விருந்தினர்களுக்குச் சமைத்தவர் அவருடைய மனைவி பாக்கியம். எஸ்டேட் வேலையாக இதைச் செய்த இருவரின் பெயர்களும் விடுபட்டுவிட்டன.

செல்லையா, இந்த இதழ் செவ்வாய்க்கிழமையே பந்தலூர் பஸ் ஸ்டாண்டு கடைக்கு வந்துவிடும். இந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செய்தியை நான் கொண்டுவருகிறேன். குடை விஷயத்தையும் சத்தியம் செய்து சொல்கிறேன். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைத்தான் நிரூபிக்கும், இருபத்தாறு வருஷத்தை அல்ல. எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அலுவலக வாசலில் நிற்பேன். பாக்கியம் அம்மாவையும் கூட்டி வாருங்கள்.