தோற்க வேண்டிய ஆட்டம்

சுரங்க வேலையை விட்ட பிறகு குணசேகருக்கு ரயில்தான் பாதி வாழ்க்கை. ஏழு வருஷமாகத் தங்கவயலிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றுவிட்டுத் திரும்புகிறார். அதே பெட்டியில் வருகிறவர்கள் ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார்கள். கோல் காக்கும் கோலி இவர். வலது முழங்கால் வீங்கிக் கிடந்தது; இந்த வருஷத்தோடு ஆட்டம் சரி. இதுவரை ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை.

பெங்களூர் லிங்கராஜபுரம் மைதானத்தில் கடைசி லீக் ஆட்டம். தோற்றாலும் அரையிறுதி உறுதி. ஜெயித்தால்தான் வம்பு: அரையிறுதியில் அல்சூர்க்காரர்கள். போன வருஷம் இவர்களுக்கு ஐந்து கோல் போட்டவர்கள்.

"ரெண்டு பந்த உட்ருடா. கப்பு வேணுமா, வேணாமா?" என்றார் கேப்டன் ஆம்ப்ரோஸ்.

வேண்டும்தான். குணசேகர் தலையாட்டினார்.

ஆனால் எதிரே ஆடிய ஒக்கலிபுரத்துக்காரர்களுக்கும் அதே கணக்கு; அவர்களும் தோற்கத்தான் வந்திருந்தார்கள். தனியாகப் பந்தோடு வந்த அவர்களுடைய ஃபார்வர்டு, அதை மெல்ல இவர் காலடிக்கு உருட்டிவிட்டான். "நீங்களே வச்சுக்கோங்கண்ணே."

வேலியோரம் வேர்க்கடலை விற்ற முத்தம்மா கத்தினாள்: "இன்னாய்யா, பந்து சுடுதா? நாங்க வெயில்ல காயறது கண்ணுக்குத் தெர்லியா?"

கேலியைவிட அலுப்புதான் அதில் அதிகம். நாள் முழுக்க வாசலில் நிற்கிறவருக்கு அந்த அலுப்பு தெரியும். பந்தை வீங்கிய காலாலேயே ஓங்கி உதைத்தார். அது மைதானத்தின் மறுபாதியில் குத்தி எழும்ப, ஒக்கலிபுரம் கோலி, மாப்பிள்ளைக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றான். கோல். ஆட்டத்தில் அது ஒன்றுதான். குணசேகர் ஜென்மத்திலும் அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு அல்சூர்க்காரர்கள் நான்கு போட்டார்கள். விழுந்து விழுந்து தடுத்தும் நான்கு.

திங்கள் காலை கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறினார். ரயில் புறப்படும் மாரிகுப்பத்திலேயே ஏறுகிறவர்கள் அவருக்காகக் கைக்குட்டை விரித்து இடம்போட்டு வைப்பது வழக்கம். இன்று அந்த இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்.

"நில்லு. கோல் போஸ்ட்ல நல்லாதான நின்ன?" என்றார் ஆம்ப்ரோஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏண்டா அடிச்ச?"

"பந்து வந்துது. அடிச்சேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணே."

பங்காருபேட்டையில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. குணசேகர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாரத்தை இடதுகாலுக்கு மாற்றினார்.