ஐம்பத்தாறு டிகிரி முத்திரை

பைன் மரத்துக்குள் இருக்கும் புழுவைச் சூடு காட்டிக் கொல்வது என் உத்தியோகம். இதை ஒரே மூச்சில் சொல்லி யாருக்காவது புரியவைத்த நாள் இதுவரை வரவில்லை.

மைசூர் ஹெப்பால் தொழிற்பேட்டையில், வெளிநாடு போகும் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்யும் கம்பெனி எங்களுடையது. பைன் காடுகளில் பட்டைக்குள் புகும் வண்டும் கட்டையைக் குடையும் புழுவும் சேர்ந்தால் மலைச்சரிவு முழுக்க மரம் காய்ந்துவிடும். அந்தப் பூச்சிகள் பெட்டிக்குள் ஏறி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகாமல் தடுப்பது எங்களைப் போன்றவர்களின் வேலை. மரத்தைச் சூட்டறையில் அடுக்கிச் சூடேற்ற வேண்டும். கட்டையின் நடு மையம் ஐம்பத்தாறு டிகிரியைத் தொட்டு, அரைமணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும். அதன் பிறகு முத்திரை. முத்திரை குத்துவது என் பொறுப்பு.

பார்க்காமலே ‘சரிபார்த்தேன்’ என்று எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. பக்கத்தில் வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

பெண் பார்க்கப் போன இடத்தில்

பெண் வீட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். ‘ஹீட் ட்ரீட்மென்ட் சூப்பர்வைசர்’ என்றேன். பெண்ணின் அப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். இரும்பை உருக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். மரம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. பைன், புழு, பட்டை, டிகிரி என்று நானும் அரைமணி நேரம் விளக்கினேன். கேசரி ஆறிப்போனது.

கடைசியில் அவருக்கு ஒரு வழியாகப் பிடிபட்டது. உள்பக்கம் திரும்பித் தன் மனைவியிடம் உரக்கச் சொன்னார்: “அட, ஒண்ணுமில்லடி. மாப்பிள்ளை மரத்துக்கு ஜுரம் வரவைக்கிறார்!”

மாதேசனின் விளம்பரம்

பெட்டிக்கு மிஞ்சிய மரத்தை எங்களிடம் வாங்கிப்போவான் மாதேசன். ஹனூர் பக்கம் கௌதள்ளிக்காரன்; ‘என்னோட’ என்பதை ‘என்ற’ என்று சொல்லும் கொங்குத் தமிழ். மேட்டகள்ளியில் தனி ஆளாகத் தச்சுப்பட்டறை வைத்திருந்தான். பைன் மரத்தில் கட்டில், அலமாரி, புத்தகத் தட்டு என்று செய்வான். மற்ற தச்சர்கள் முத்திரை இருக்கும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி மறைத்துவிடுவார்கள். இவன் அதை முன்பக்கம் தெரிகிற மாதிரி வைத்துத்தான் பலகையே பொருத்துவான். யார் வந்து கேட்டாலும் முதலில் முத்திரையைத் தொட்டுக் காட்டுவான்.

பூச்சி விழாத கட்டில் என்று அவனுக்கு ஊரில் பேர் வந்துவிட்டது. ஒருவர் வாங்கி இன்னொருவருக்குச் சொல்லித்தான் அவனுக்கு வேலை வரும், போர்டுகூட கிடையாது. அந்தப் பேர்தான் அவன் கடை. எனக்கும் உள்ளூரப் பெருமை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் முன்னால் என்னைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினான்: “இந்த அண்ணன் குத்துன முத்திரைங்க. இவரு கைபட்ட மரத்துல எறும்புகூட ஏறாதுங்க.”

ஒரு கம்பி, இரண்டு மரம்

இனி வருவதைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூட்டை அளக்க ஒரு கம்பி உண்டு. அடுக்கிலேயே தடித்த கட்டையாகப் பார்த்து, நடு மையம் வரை துளை போட்டு, அதற்குள் கம்பியைச் சொருக வேண்டும். தடித்த கட்டைக்கே சூடு ஏறிவிட்டால் மற்றவற்றைப் பற்றிக் கவலையில்லை. விதி அவ்வளவுதான்.

ஒருநாள் சூட்டறையில் ஏற்றியது பழைய மரம். வெளிநாட்டிலிருந்து இயந்திரத்தோடு வந்த பெட்டிகளைப் பிரித்து எடுத்தது. அதில் நாலு தடித்த கட்டைகள். காலையிலிருந்து கரண்ட் போய்ப் போய் வந்தது. வாசலில் லாரி ஹாரன். மேனேஜர் மூன்று தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். துளை போடவே நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பியைக் கொண்டுபோய், சூட்டுக்காற்றை ஊதும் மின்விசிறிக்கு எதிரே இருந்த ஒரு மெல்லிய பலகை இடுக்கில் சொருகினேன். திரையில் எண் விறுவிறுவென்று ஏறி ஐம்பத்தாறில் நின்றது. முத்திரை குத்தினேன். அந்த ஒரு தரம்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மூன்று தரம் செய்திருக்கிறேன்.

சூட்டறை ஆபரேட்டர் நாகராஜ் கன்னடக்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்: “ஏன் சார் இது, ஜுரம் ஒருத்தனுக்கு, தர்மாமீட்டர் இன்னொருத்தன் வாயிலயா?”

கட்டில் பேசுகிறது

அந்த நாலு கட்டைகளும் பெட்டிக்கு வேண்டியிருக்கவில்லை. மாதேசன் வாங்கிப்போய், சரஸ்வதிபுரத்தில் ஒரு ஸ்கூல் டீச்சருக்குக் கட்டில் கால்களாக்கிவிட்டான். ஒரு வருஷம் போயிருக்கும். கட்டிலிலிருந்து சத்தம் வருகிறது, வந்து பாருங்கள் என்று டீச்சர் அவனைக் கூப்பிட, ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்று அவன் என்னை அழைத்துப் போனான்.

நல்ல மத்தியான வெயில். நான் தரையில் மண்டியிட்டுக் கட்டில் காலில் காதை வைத்தேன். கரக்... கரக்... கரக். உலர்ந்த பைனுக்குள் வருஷக்கணக்கில் இருந்து தின்னும் புழு அது. வெயில் ஏறினால் அதற்குப் பசி ஏறும். காலடியில் மாவு போலத் தூள். எந்த லோடு, எந்த நாள், எந்தக் கட்டை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எழுந்திருக்க மனசில்லாமல் காதை எடுக்காமல் அப்படியே இருந்தேன். அவர்கள் நான் கவனமாகக் கேட்கிறேன் என்று நினைத்தார்கள்.

டீச்சர் கட்டிலின் முன்பக்க முத்திரையை விரலால் தட்டிக் காட்டினார்: “முத்திரை இருக்கு சார். புழுவுக்குத்தான் படிக்கத் தெரியல போல.”

பட்டறை காலி

திரும்பும் வழியில் மாதேசன் வண்டியை ஓட்டிக்கொண்டே யோசித்து, தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். அவன் பட்டறையின் பின்பக்கம் பலாவும் மாவும் அடுக்கி வைத்திருந்தான். நாட்டு மரம், முத்திரை இல்லாதது. புழு அதிலிருந்துதான் பைனுக்குத் தாவியிருக்கும் என்றான். அது பைன் மாதிரி மரத்தை மட்டும் தின்னும் புழு, பலாவை மோந்துகூடப் பார்க்காது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் அத்தனை மரத்தையும் விறகுக்குக் கொடுத்துவிட்டான். வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் காயவைத்த பலகைகள். நான் சும்மா நிற்கவில்லை. ஒரு முனையை நானும் பிடித்து வேனில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு அவன் வாங்கித் தந்த டீயையும் குடித்தேன். அதற்குள் விஷயம் டீச்சர் வாயால் நாலு வீடு பரவி, இரண்டு பேர் ஆர்டரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் அவன் என்னைத்தான் தேற்றினான்: “உங்க முத்திரை பொய் சொல்லாதுங்கண்ணா. தப்பு என்ற பட்டறையிலதானுங்க.”

ஊட்டிப் பைன் காடு

அந்த மாதமே குடும்பத்தோடு ஊட்டி போனோம். எல்லோரும் போட்டோ எடுக்கும் அந்தப் பைன் காட்டில், காற்றில் சாய்ந்த ஒரு மரத்தைக் காட்டிலாகா வாட்சர் ஒருவர் பட்டை உரித்துக்கொண்டிருந்தார். இப்படியே விட்டால் பட்டைக்குள் வண்டு குடியேறி, நிற்கிற மரத்துக்கும் போய்விடும் என்றார். யாரும் மேற்பார்வைக்கு நிற்கவில்லை. ஆனாலும் மரத்தைப் புரட்டிப்போட்டு அடிப்பக்கமும் உரித்தார்.

என் மகளுக்கு எட்டு வயது; தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். வேலை என்பதற்குக் கன்னட வார்த்தையைப் போட்டு அவரிடம் பெருமையாகச் சொன்னாள்: “எங்கப்பாவும் இதே கெலசதான் மாமா. ஒரு புழுவையும் விடமாட்டார்!”

நாலு கால்கள்

ஊட்டியிலிருந்து வந்ததும் மாதேசனிடம், இதுவரை விற்ற பைன் சாமான்களையெல்லாம் திரும்ப வாங்கி வா, இன்னொரு தரம் சூடு காட்டித் தருகிறேன் என்றேன். உண்மையைச் சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்பது என் கணக்கு. டீச்சர் கட்டில் உட்பட எல்லாம் வந்தது. இந்தத் தடவை டிரில்லரை எடுத்து, கட்டிலின் தடித்த காலில் நடு மையம் வரை துளை போட்டேன். கம்பியைச் சொருகினேன். மாதேசன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வேலையை அவன் பார்ப்பது அதுதான் முதல் தரம்.

“எப்பவும் இப்படித்தான் ஓட்டை போடுவீங்களாண்ணா? தடிச்ச கட்டையிலயா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் குனிந்து மற்ற மூன்று கால்களையும் விரலால் தடவினான். அந்த லோடில் அவைதான் தடித்த கட்டைகள் என்று வாங்கும்போதே அவனுக்குத் தெரியும். நாலையும் இழைத்தவன் அவனேதான். ஒன்றிலாவது பழைய துளை இருந்திருக்க வேண்டும், இல்லை. தச்சனுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தபோது நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெல்லிய பலகை, மின்விசிறி, மூன்று தரம், எல்லாம். சூட்டறையில் வேலையாக இருந்த நாகராஜ் வெளியே போய்விட்டார்.

மறுநாள் மேனேஜரிடமும் டீச்சரிடமும் நானே போய்ச் சொன்னேன். மேனேஜர் கத்தினார், டீச்சர் கத்தவில்லை, அவர்கள் பேசியது எதுவும் இப்போது நினைவில்லை. முந்தின நாள் சூட்டறையில் மாதேசன் கேட்டதுதான் மனசில் இருக்கிறது. அவன் திட்டவில்லை. சூட்டறைக் கதவைப் பார்த்தபடி கேட்டான்: “அன்னிக்கு என்ற பலகையெல்லாம் வெளிய போட்டப்ப, நீங்களும் ஒரு பக்கம் புடிச்சுத் தூக்கி உட்டீங்களேண்ணா?”

மாதேசன் இப்போதும் என்னிடம்தான் மரம் வாங்குகிறான், ஆனால் நான் குத்திய முத்திரையை என் கண்முன்னாலேயே இழைப்புளியால் சீவிவிட்டு, தடித்த கட்டையில் துளை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றுகிறான்.